சீட் கிடைத்த பிறகு யாரைக் கேட்பது? திருப்பதி, சித்தூர் கல்லூரிகளும் 'அகடமிக் அட்வைசிங்' என்ற காலி நாற்காலியும்

தமிழ்நாட்டிலும் சரி, ஆந்திராவிலும் சரி, 'கவுன்சலிங்' என்றாலே நமக்கு ஒரே அர்த்தம்தான். கட்-ஆஃப், ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங், சீட் ஒதுக்கீடு. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்ததும் கவுன்சலிங் முடிந்தது என்கிறோம்.

ஆனால் மாணவர் எடுக்க வேண்டிய முடிவுகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன. எந்த மைனர் பாடம் எடுப்பது? அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எத்தனை பாடம் தாங்கும்? மூன்றாம் ஆண்டோடு வெளியே வருவதா, நான்காம் ஆண்டும் படிப்பதா? வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகை என்ன ஆகும்? இதையெல்லாம் யாரைக் கேட்பது?

நீங்கள் படித்தபோது யாரைக் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானோரின் பதில் 'சீனியர்' அல்லது 'வாட்ஸ்அப் குரூப்' என்றுதான் இருக்கும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதையே ஒரு முழுநேர வேலையாகச் செய்யும் குழுவுக்குத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'அகடமிக் அட்வைசிங்' என்று பெயர். இந்தியாவில் இந்தச் சொல் புதிது. தேவை மட்டும் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் திடீரென்று பெரிதாகிவிட்டது. அந்தத் தேவையை ஒரே வட்டாரத்தில் முழுசாகப் பார்க்க வேண்டுமா? சென்னையில் இருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பதி, சித்தூர் பக்கம் போனால் போதும்.

ஏன் திருப்பதி, சித்தூர்?

2022 ஏப்ரல் 4 வரை இவை இரண்டும் ஒரே மாவட்டம். பழைய சித்தூர் மாவட்டத்துக்குள் எத்தனை வகையான உயர்கல்வி நிறுவனங்கள் அடங்கியிருந்தன என்று பாருங்கள்.

1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். 1983-ல் வந்த ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். 1997-ல் குப்பத்தில் உருவான திராவிடப் பல்கலைக்கழகம். மாநிலப் பிரிவினைச் சட்டத்தின் வாக்குறுதிப்படி 2015-ல் வந்த ஐஐடி திருப்பதியும் ஐசர் திருப்பதியும். 2020-ல் மத்தியப் பல்கலைக்கழகமாக மாறிய தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம். தடா அருகே ஸ்ரீசிட்டியில் ஐஐஐடியும், தனியார் கிரியா பல்கலைக்கழகமும். இவற்றோடு அனந்தபூர் ஜேஎன்டியு-வின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகள், எஸ்.வி. பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் டிகிரி கல்லூரிகள்.

சேர்க்கையில் உள்ளூர் ஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது ராயலசீமா, நெல்லூர் வட்டாரத்துக்கே 'எஸ்.வி.யு. பகுதி' என்றுதான் பெயர். யார் உள்ளே வரலாம் என்பதற்கான கணக்கு அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

இங்கே படிப்பவர்களில் தெலுங்கு பேசுபவர்கள் மட்டும் இல்லை. நகரி, சத்யவேடு, குப்பம், சித்தூர் பக்கம் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. திருத்தணி, வேலூர், சென்னைப் பக்கமிருந்து எல்லை தாண்டி வந்து படிப்பவர்களும் உண்டு. உங்கள் தம்பியோ சித்தி பொண்ணோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சுவாரசியமான ஒரு விஷயம். ஐஐடி திருப்பதி தொடங்கியபோது அதற்கு ஐஐடி மெட்ராஸ் 'மென்டார்' நிறுவனமாக இருந்தது. ஐசர் திருப்பதிக்கு ஐசர் புனே. புதிய நிறுவனம் தனியாகத் தடுமாறக் கூடாது, பழகிய ஒருவர் கூட நடக்க வேண்டும் என்று அரசு நினைத்தது. நிறுவனத்துக்கே இது தேவை என்றால், 17, 18 வயதில் வீட்டை விட்டு வரும் மாணவருக்கு எவ்வளவு தேவை?

அப்படி என்ன மாறியது?

பத்து ஆண்டுகளுக்கு முன்பு பி.எஸ்சி. சேர்ந்தவருக்குத் தேர்வு செய்ய அதிகம் எதுவும் இல்லை. பாடத்திட்டம் அச்சடித்து வரும், படிக்க வேண்டியதுதான். இப்போது நிலைமை வேறு.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, 2021-ன் கிரெடிட் வங்கி விதிமுறைகள், 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளநிலைப் பட்டப்படிப்புக் கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து பட்டப்படிப்பை ஒரு கணக்குப் புத்தகமாக மாற்றிவிட்டன. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. இடையில் வெளியேறலாம், மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வரலாம், மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை 'ஸ்வயம்' தளத்தில் ஆன்லைனில் படிக்கவும் கல்லூரிகள் அனுமதிக்கலாம்.

ஆந்திரா இதில் மெதுவாக நகர்ந்த மாநிலம் இல்லை. 2023-24 கல்வியாண்டில் அங்கே பட்டப்படிப்புகள் 'சிங்கிள் மேஜர்' முறைக்கு மாறின. அதுவரை கணிதம், இயற்பியல், வேதியியல் என மூன்று பாடங்களைச் சேர்த்துப் படித்த பி.எஸ்சி. மாணவர், இனி ஒன்றை மேஜராகவும் இன்னொன்றை மைனராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எம்பிசி குரூப் எடுத்தேன்' என்று சொல்லிப் பழகிய ஊரில், 'எது மேஜர்?' என்ற கேள்வி முதல் ஆண்டிலேயே வந்து நிற்கிறது.

தேர்வுச் சுதந்திரம் நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் விஷயம் தெரிந்தவருக்குத்தான் சுதந்திரம். மூன்று உதாரணங்கள்.

ஒன்று: நான்காம் ஆண்டில் 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' படிக்க, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் வேண்டும். ஒரு மாணவி முதல் நான்கு செமஸ்டர்களில் சராசரியாக 65 எடுத்திருக்கிறார், செமஸ்டர்களுக்குச் சம எடை என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் போடுங்கள். மீதி இரண்டு செமஸ்டர்களில் அவருக்குச் சராசரி 95 தேவை. இதை ஐந்தாம் செமஸ்டரில் சொல்லிப் பயனில்லை. இரண்டாம் செமஸ்டரில் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்தது.

இரண்டு: முதல் ஆண்டோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேற நினைப்பவருக்கு 40 கிரெடிட் மட்டும் போதாது. கோடை விடுமுறையில் 4 கிரெடிட் அளவுக்குத் தொழில்சார் பாடமும் முடித்திருக்க வேண்டும். குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தும் மாணவருக்கு இந்த ஒரு வரி தெரியாவிட்டால், ஓராண்டு படிப்புக்குக் காட்ட எந்தக் காகிதமும் இருக்காது.

மூன்று: அனந்தபூர் ஜேஎன்டியு விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால் தகுந்த காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி 'கண்டோனேஷன்' பெறலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மாணவர்கள் மொழியில் 'டீடெயின்'. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் 23-வது நாள் லீவு போட்டதும் முதல் கோடு தாண்டப்படுகிறது, 32-வது நாளில் இரண்டாவது கோடு. முதல் மாதத்திலேயே 12 நாள் வராதவரை அந்த மாதமே கூப்பிட்டுப் பேசினால் ஓராண்டு மிஞ்சும். செமஸ்டர் கடைசியில் நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டினால் எதுவும் மிஞ்சாது.

இதற்கெல்லாம் விதி இருக்கிறதா?

இருக்கிறது. ஒன்றல்ல, பல.

நீங்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. படித்தவராக இருந்தால் 'ஃபேகல்டி அட்வைசர்' என்ற பெயர் நினைவிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் துறைத் தலைவர் ஒப்படைக்க வேண்டும், பாடங்களைத் திட்டமிட அவர் உதவ வேண்டும் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. ஐஐடிகளிலும் இந்த ஏற்பாடு நெடுநாளாக உண்டு.

புதிதாகச் சேரும் மாணவர்களுக்காக யுஜிசி 2019-ல் வெளியிட்ட 'தீக்ஷாரம்ப்' வழிகாட்டி, அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை மென்டாராக வைக்கச் சொல்கிறது. நாக் தரமதிப்பீட்டில் 'ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர்' என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு.

இதைவிட முக்கியமானது, ஆசிரியர் நியமனம் குறித்த யுஜிசியின் 2018 விதிமுறைகள். முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் இளநிலைப் படிப்புகளில் தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் மாணவர்களுக்கு வழிகாட்ட ஒதுக்க வேண்டும், ஓர் ஒருங்கிணைப்பாளருக்குக் குறைந்தது 15 மாணவர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த வரியைக் கவனியுங்கள். எதற்கு வழிகாட்டுவது? சமூகப் பணி, பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகள், நூலகப் பயன்பாடு. பாடத் தேர்வு, கிரெடிட் கணக்கு, அரியர் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல் இல்லை. நேரம் ஒதுக்கியவர்கள் வேலையை ஒதுக்கவில்லை.

அப்புறம் ஏன் சீனியரையே கேட்கிறார்கள்?

'ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை' என்பது வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழுப் பதில் இல்லை.

ஓர் ஆசிரியரிடம் 20 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் செமஸ்டருக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் பேசினால் மொத்தம் 20 மணி நேரம். 15 வார செமஸ்டரில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட வராது. காலிப் பணியிடங்களால் திணறும் கல்லூரியில் 20 என்பது 60 ஆகலாம். அப்போதும் வாரம் நான்கு மணி நேரம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியருக்கு இயற்பியல் தெரியும். வேறு துறையின் மைனர் பாடத்தில் இடம் இருக்கிறதா, 'ஸ்வயம்' கிரெடிட் கணக்கில் ஏறுமா, உதவித்தொகைக்கு என்ன நிபந்தனை, திரும்பச் சேர்வதற்கு எந்தப் படிவம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாததால் 'ஆபீஸ்ல கேளுங்க' என்கிறார். ஆபீஸில் 'உங்க டிபார்ட்மென்ட்ல கேளுங்க' என்கிறார்கள். இரண்டு கவுன்டருக்கும் நடந்து களைத்த மாணவர் ஹாஸ்டல் அறைக்குப் போய் சீனியரைக் கேட்கிறார். சீனியர் சொல்வது இரண்டு ஆண்டுக்கு முந்தைய விதி.

வழிகாட்டி என்று ஒருவரின் பெயர் பட்டியலில் இருக்கிறது. அவருக்குப் பயிற்சி இல்லை, பதிவேடு இல்லை, அவர் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இல்லை. இந்த மூன்றையும் தருவதுதான் அட்வைசிங் குழுவை நடத்தும் தலைவரின் வேலை.

அந்தத் தலைவர் என்னதான் செய்வார்?

இது ஆலோசனை சொல்லும் வேலை என்று நினைப்போம். உண்மையில் பாதிக்கு மேல் ஒருங்கிணைக்கும் வேலை.

பெயர் ஒதுக்குவது: ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குறிப்பிட்ட ஆள். அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் மகப்பேறு விடுப்பில் போனாலும் மாணவர் கைமாறும் நாள் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'உன் அட்வைசர் யார்?' என்று கேட்டால் மாணவருக்குப் பெயர் தெரிய வேண்டும்.

ஒரே பதில்: ஒரே கேள்விக்கு மூன்று ஆசிரியர்கள் மூன்று பதில் சொன்னால் நம்பிக்கை போய்விடும். விதி மாறும்போதெல்லாம் ஒரு பக்கக் குறிப்பு தயாராக வேண்டும். திருப்பதி மாதிரி ஊரில் அது தெலுங்கு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 'அரியர்' என்பதை ஆந்திராவில் 'பேக்லாக்' என்பார்கள். தமிழ்நாட்டில் கிடைக்கும் முதல் பட்டதாரி சலுகை எல்லை தாண்டினால் கிடைக்குமா என்று ஒரு அப்பா கேட்டால், பதில் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

நாள்காட்டி: பதிவு செய்யும் வாரம், நான்காம் வார வருகைப் பட்டியல், இடைத்தேர்வு முடிவு, கண்டோனேஷன் கடைசித் தேதி, ரிசல்ட் வந்த பிறகான பத்து நாள். இந்த ஐந்து சமயங்களில் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது செமஸ்டர் தொடங்கும் முன்பே தீர்மானமாக வேண்டும். மாணவர் தேடி வரட்டும் என்று காத்திருந்தால், வரவே தயங்குபவர்தான் முதலில் தவறிப்போவார்.

பதிவேடு: என்ன பேசினோம், என்ன முடிவானது என்று நான்கு வரி. அடுத்த முறை வேறு ஆசிரியர் இருந்தாலும் மாணவர் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறிப்பை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதும் தலைவர் போட வேண்டிய கோடு.

கைமாற்றுவது: அட்வைசர் மனநல ஆலோசகர் இல்லை, வார்டன் இல்லை, பிளேஸ்மென்ட் ஆபீசரும் இல்லை. தூக்கமே வரவில்லை என்று சொல்லும் மாணவியிடம் கிரெடிட் கணக்குப் பேசக் கூடாது. அவரை உரியவரிடம் அழைத்துப் போய்விட வேண்டும், போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினால் போதாது.

மேலே சொல்வது: ஒரே செமஸ்டரில் 40 பேர் ஒரே பிரச்சினையோடு வந்தால் கோளாறு மாணவர்களிடம் இல்லை, கால அட்டவணையிலோ விதியிலோ இருக்கிறது. அதைத் துணைவேந்தர் வரை கொண்டுபோகும் அதிகாரம் அந்தத் தலைவருக்கு வேண்டும். அதிகாரம் இல்லாத அட்வைசிங் தலைவர், ஆறுதல் சொல்லும் அலுவலர் ஆகிவிடுவார்.

உச்ச நீதிமன்றம் எங்கே வருகிறது?

விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் தேர்வுக்குத் தயாரான 17 வயது மாணவி ஒருவர் 2023 ஜூலையில் இறந்தார். அவரது தந்தை தொடுத்த வழக்கில், விசாரணையை சிபிஐ-க்கு மாற்றிய உச்ச நீதிமன்றம், 2025 ஜூலை 25 அன்று நாடு முழுக்கப் பொருந்தும் 15 வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு. சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற பகுதி செய்திகளில் அதிகம் வந்தது. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் ஆலோசகர்கள் இருக்க வேண்டும். குறிப்பாகத் தேர்வுக் காலத்திலும், ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும்போதும், சிறு குழுக்களுக்குத் தனித்தனி மென்டார் அல்லது ஆலோசகர் வேண்டும். பெற்றோரையும் சேர்த்து முறையான தொழில்வழிகாட்டல் தர வேண்டும்.

2022-ல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இந்தத் தீர்ப்பும் அந்தக் கணக்கைக் குறிப்பிடுகிறது. நல்ல அட்வைசர் இருந்தால் இவை நின்றுவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. காரணங்கள் பல. ஆனால் 'ஒரு செமஸ்டர் போச்சு, எல்லாம் போச்சு' என்று நம்பும் மாணவரிடம், போனதை மீட்க மூன்று வழி இருக்கிறது என்று தேதியோடு, படிவத்தோடு காட்ட ஒருவர் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

வெளிநாட்டில் இது வேலை செய்கிறதா?

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அடிக்கடி காட்டப்படும் உதாரணம். குறைந்த வருமானக் குடும்பங்களில் இருந்து வரும் மாணவர்கள் அங்கே அதிகம். 2003 நிலவரப்படி, சேர்ந்த ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடிப்போர் சுமார் 32 சதவீதம்தான். 2012-ல் ஒரு கணினி முறையைக் கொண்டு வந்தார்கள். மதிப்பெண், பாடத் தேர்வு என 800-க்கும் மேற்பட்ட அபாயக் குறிகளை அது கண்காணிக்கும். குறி எழுந்ததும் அட்வைசர் மாணவரை அழைப்பார். இதற்காகவே 40-க்கும் மேற்பட்ட அட்வைசர்களைப் புதிதாக எடுத்தார்கள். ஓர் அட்வைசருக்குச் சுமார் 300 மாணவர்கள் என்ற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். சிறு தொகைக்காகப் படிப்பை விடுபவர்களுக்கு உடனடி உதவித்தொகையும் தந்தார்கள். பட்டம் முடிப்போர் விகிதம் பிறகு 50 சதவீதத்தைத் தாண்டியது.

அந்த 300 எங்கிருந்து வருகிறது? நம் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 3,000 மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு ஒரு மணி நேரம், ஆக 3,000 மணி நேரம். முழுநேர அட்வைசர் ஒருவருக்கு வாரம் 40 மணி வீதம் 15 வாரத்தில் 600 மணி. அதில் பாதி நேரம் சந்திப்புக்குப் போனால் 300. ஆக 10 பேர் வேண்டும். ஆசிரியர்களோடு பகிர்ந்துகொண்டால் இரண்டு, மூன்று முழுநேர ஆட்களும் ஒரு தலைவரும் போதும். ஒரு கல்லூரிக்கு இது தாங்க முடியாத செலவு இல்லை.

அதே அமெரிக்காவில் எதிர் உதாரணமும் உண்டு. மேரிலாந்தில் உள்ள மவுன்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு மாணவர்களிடம் ஒரு சர்வே எடுத்து, தேற மாட்டார்கள் என்று தோன்றுபவர்களை ஆரம்பத்திலேயே வெளியே போகச் சொல்லும் திட்டம் இருந்தது. அப்படிச் செய்தால் கல்லூரியின் புள்ளிவிவரம் அழகாகத் தெரியும். 2016-ல் விஷயம் வெளியே வந்து, தலைவர் பதவி விலகினார்.

பட்டியல் ஒன்றுதான். யாருக்காகத் தயாராகிறது என்பதில்தான் வித்தியாசம். ரிசல்ட் சதவீதத்தை பேனரில் போடும் வழக்கம் உள்ள நம் ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பதையும் பொதுவில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்லும் அந்தத் தீர்ப்பின் வரி, பயிற்சி மையங்களையே முதன்மையாகக் குறிவைத்தது. 'வீக் ஸ்டூடன்ட்ஸ் லிஸ்ட்' தயாரிக்கும் எந்த அட்வைசிங் குழுவும் அதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

'இதெல்லாம் ஊட்டி விடுவது' என்பவர்களுக்கு?

காலேஜ் வந்த பிறகும் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டுமா, நாங்களெல்லாம் தானாகத்தானே படித்தோம் என்ற வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. எல்லா முடிவையும் அட்வைசரே எடுத்தால் மாணவர் வளர மாட்டார். முடிவு மாணவருடையதாகவே இருக்க வேண்டும்.

ஆனால் 'தானாகப் படித்தவர்கள்' யார் என்று பாருங்கள். அப்பா பேராசிரியர், அக்கா என்ஜினியர், மாமா ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் என்று இருந்தவர்களுக்கு வீட்டிலேயே அட்வைசர் இருந்தார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு அது இல்லை. தேர்வுகள் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தபோது தகவல் தெரியாததால் இழந்தது குறைவு. இப்போது மேஜர், மைனர், எக்ஸிட், கிரெடிட் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிந்தவர் முன்னே போகிறார். அட்வைசிங் குழு இல்லாத கல்லூரியில் புதிய கல்விக் கொள்கையின் 'நெகிழ்வுத்தன்மை' ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்கே சலுகையாகிவிடும்.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

வீட்டில் யாராவது இந்த ஆண்டு கல்லூரி சேர்கிறார்களா? திருப்பதியோ, கோவையோ, எந்த ஊரோ, கேம்பஸ் பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் விவரத்தோடு இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. என் தங்கைக்கு அட்வைசர் யார் என்று எந்தத் தேதிக்குள் பெயர் சொல்வீர்கள்?
2. அந்த ஆசிரியரிடம் மொத்தம் எத்தனை மாணவர்கள்?
3. வருகையோ மதிப்பெண்ணோ குறைந்தால் எத்தனையாவது வாரத்தில், யார் கூப்பிடுவார்கள்?
4. மைனர் மாற்றவும், வெளியேறித் திரும்பி வரவும் உள்ள விதி எழுத்தில் கிடைக்குமா? எந்த மொழியில்?
5. முழுநேர மனநல ஆலோசகர் இருக்கிறாரா? அவரும் அட்வைசரும் வேறு வேறு ஆட்களா?

பதில் உடனே வந்தால் நல்லது. 'அதெல்லாம் இருக்குங்க' என்று மட்டும் வந்தால் பெயரைக் கேளுங்கள்.

நீங்களே கல்லூரி நிர்வாகத்திலோ, எட்-டெக்கிலோ, மனிதவளத் துறையிலோ வேலை பார்ப்பவராக இருந்தால், இது வளரப்போகிற ஒரு பணி என்பதையும் கவனியுங்கள். விதிமுறை படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை, எக்செல் தெரிந்த கை, 18 வயதுக்காரர் தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்கும் காது. எல்லை ஊர்களுக்கு இரண்டு மொழி தெரிந்தால் இன்னும் நல்லது.

முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில் கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் நன்கொடை திரட்டும் பேச்சு வரும்போது, ஓர் அட்வைசருக்கு மூன்றாண்டுச் சம்பளம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

(மன அழுத்தத்தில் இருப்பவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.)